மச்சம் இடம் மாறிய விளக்குப் படம்

சுங்முரோவில் அச்சுக் கடைகள் நிறைந்த சந்தில் தாக் மிரேயின் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பாட்டுக்காரர்களின் ரசிகைகள். தங்கள் நட்சத்திரத்தின் பிறந்தநாளுக்கு மெட்ரோ நிலையத்தில் விளக்குப் பலகையை வாடகைக்குப் பிடித்து வாழ்த்து வைப்பார்கள். அதற்கான படத்தை மிரே பளபளப்பில்லாத பாலியஸ்டர் பிலிமில் அச்சிடுவார். சூட்டில் சாயம் ஆவியாகிப் பிலிமுக்குள்ளேயே இறங்கிவிடும். பின்னால் விளக்கு எரியும்போது முகம் உயிரோடு இருக்கும். எதிரே உள்ள வெளிச்சம் எதுவும் அதில் மின்னாது.

கல்யாணப் படங்கள் அச்சிடும் கடையில் வேலை பார்த்தவர் மிரே. முதலாளி கடையை மூடியபோது இயந்திரத்தைத் தானே வாங்கிக்கொண்டார். "என் கையில எதுவும் கெடாது" என்று அடிக்கடி சொல்வார். பெரும்பாலும் அது உண்மைதான்.

சூசோக் என்ற கொரிய அறுவடைப் பண்டிகைக்கு முதல் நாள், பாடகன் ராயுனின் ரசிகையான தாசோம் தன் படத்தை வாங்க வந்தாள். விரித்துப் பார்த்ததும் அலறினாள்.

"அக்கா! மச்சம் எங்க?"

"கண்ணுக்குக் கீழதானே இருக்கு."

"வலது கண்ணுக்குக் கீழ இருக்கு! ராயுனுக்கு இடது கண்ணு. இத மாட்டினா மத்த ரசிகைங்க என்னை வெச்சு செஞ்சிடுவாங்க!"

"எழுத்து நேராத்தானே இருக்கு? அப்ப படமும் நேராத்தான் இருக்கும்."

"எழுத்து நீங்க போட்டது. மச்சம் அவங்க அம்மா போட்டது!"

மிரே மூலப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். தாசோம் அனுப்பியது ராயுனே எடுத்த செல்ஃபி. கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருந்தது. சின்னத் திரையில் இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

ராயுனின் பிறந்தநாள் மறுநாள். மறுபடி முழுதாக அச்சிட பிலிம் போதாது. கிடங்குகள் பண்டிகைக்கு மூடிவிட்டன. பலகை மாட்டும் பியோ ஏணியோடு வாசலில் வந்து நின்றார்.

மிரே கத்தியை எடுத்து, கீழே வாழ்த்து இருந்த பகுதியை நேராக வெட்டினார். முகத்தைத் திருப்பிப் போட்டார்.

"அய்யோ, பின்பக்கம்!"

"இதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மங்கல்தான்டி. சாயம் உள்ள இருக்கு, எந்தப் பக்கம் பார்த்தாலும் அவன்தான். ஒரு பக்கம் வழவழன்னு இருந்திருந்தாதான் மாட்டிக்கிட்டிருப்போம்."

வெட்டிய துண்டை ஒட்ட ஓரம் போதாததால், கடையில் மிச்சமிருந்த பிலிம் துண்டில் வாழ்த்தை மட்டும் அடர்நீலப் பட்டை மேல் அச்சிட்டு, பின்னாலிருந்து ஒட்டினார்.

பியோ எட்டிப் பார்த்தார். "ஒட்டு தெரியுதே, மிரே."

"தெரியட்டும்னுதான் நீலம் போட்டேன். பார்க்கிறவங்க பட்டைன்னு நினைப்பாங்க. நீங்க ஏணியத் தூக்குங்க."

நிலையத்தில் விளக்கு எரிந்ததும் தாசோம் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனாள். பிறகு தள்ளி நின்றாள். அந்தப் பக்கமாக நடந்தவர்கள் பலர் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"இடதுதான்," என்றாள். உடனே தோழிகளுக்குப் போன் போட்டாள். "சீக்கிரம் வாங்கடி, ராயுன் வந்தாச்சு!"

மிரே அதற்குள் அம்மா வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.