வளைகிற தடி

மில்ரனின் வலது கண்ணைப் பிடுங்கியது ஒரு மரமீன்.

மரத்தில் செதுக்கிய பொய்மீன்; உள்ளங்கை நீளம், சிவப்புத் தலை, குழிந்த வாய். தூண்டில் தடியில் கட்டி வீசி, வெட்டி வெட்டி இழுத்தால் தண்ணீருக்கு மேலே நீரைத் துப்பிக்கொண்டு வரும். காயம்பட்ட மீன் என்று நினைத்துப் பாரை மீன் கீழிருந்து ஏறி அடிக்கும். அதன் வயிற்றிலும் வாலிலும் மும்முனைக் கொளுக்கிகள் தொங்கின. ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் அப்படி மீன் பிடித்தவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டும்தான். அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் படகின் முன்னே, அணியத்தில் நின்று வீசுவான். மில்ரன் பின்னால் இருந்து எஞ்சின் பிடிப்பான்.

கொன்ஸ்ரன்ரைன் கைத்தூண்டிலில் வளர்ந்தவன். கைத்தூண்டிலில் நூல் துடித்ததுமே சுண்ட வேண்டும். சுணங்கினால் மீன் இரையைத் துப்பிவிடும். மரமீனுக்கு அது பிழை. பாரை முதல் அடியில் பெரும்பாலும் தவறவிடும். தண்ணீர் வெடிப்பதைக் கண்டு சுண்டினால், எந்த வாயிலும் மாட்டாத மரமீன் தடியின் முழு வேகத்தோடு படகுக்குத் திரும்பி வரும். நூலில் பாரம் தெரியும்வரை கை சும்மா இருக்க வேண்டும். கொன்ஸ்ரன்ரைனின் கை பிறந்ததிலிருந்து சும்மா இருந்ததில்லை.

அன்று காலை மரமீன் அண்ணனின் காதை உரசிக்கொண்டு வந்தது. மில்ரனுக்கு முதலில் வலிக்கவில்லை. கன்னத்தில் ஏதோ தொங்குவதாக மட்டும் உணர்ந்தான்.

"அசையாதை! அசைஞ்சியெண்டால் கொன்றுபோடுவன்!" என்று கத்தினான் கொன்ஸ்ரன்ரைன். குறட்டால் நூலை அறுத்தான். தம்பியின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை ஒரு கையால் எஞ்சினை ஓட்டினான். ஆஸ்பத்திரியில் மரமீனையும் கண்ணையும் சேர்த்தே எடுத்தார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தடியைப் படகின் விளிம்பில் அடித்துத் துண்டு துண்டாக்கினான். பிறகு, கரையில் மீன் ஏலம் கூறும் இடத்தில் மில்ரனை ஒற்றைக்கண்ணன் என்று சொன்ன ஒருவனின் தாடையை உடைத்தான். சின்ன வயதில், மண்டபம் அகதி முகாமின் தண்ணீர் வரிசையில் மில்ரனைத் தள்ளியவனின் பல்லையும் அப்படித்தான் உடைத்திருந்தான். தம்பிமேல் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அவனிடம் அதிகம் அடி வாங்கியவன் தம்பிதான்.

மில்ரனின் கண்குழி காய்ந்ததும் கொன்ஸ்ரன்ரைன் வந்து வாசலில் நின்றான்.

"வா. புதுத் தடி எடுப்பம்."

அவனுக்குப் பின்னால் இருக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒற்றைக் கண்ணனைப் படகில் ஏற்ற மில்ரனுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை. மில்ரன் சட்டையை எடுத்துப் போட்டான்.

"போங்கோ, போய் மற்றக் கண்ணையும் குடுத்திட்டு வாங்கோ" என்றாள் அவன் மனைவி சுவேதினி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல். "பூசைக்குக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறதுக்கு நான் இருக்கிறன்தானே."

மன்னார் ரவுணில் ஹுஸ்னியாவின் வலைக்கடை. கொன்ஸ்ரன்ரைன் மூலையில் நின்ற ஒரு தடியை எடுத்துக் காற்றில் வீசினான். அது வளையவேயில்லை.

"இதுதான் தடி. பார், இரும்பு."

"அது குளத்து விரால் பிடிக்கிறதுக்கு, தம்பி" என்றாள் ஹுஸ்னியா. "தாமரைக் கொடிக்குள்ளயிருந்து பிடுங்கி எடுக்கிற சாமான். பெரியமடுப் பொடியன்கள் கொண்டுபோறாங்க. கடலுக்கு நீங்க வேற பாருங்க."

"எனக்குப் பிடுங்கத்தான் வேணும்."

மில்ரன் அந்தத் தடியில் நூல் கோத்தான். நூல் நுனியோடு கடைக்கு வெளியே, ஒழுங்கையில் நடந்துபோய்த் திரும்பி நின்றான். நூலை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்தான்.

"இது மீன்ர வாய். சுண்டுங்கோ அண்ணை."

கொன்ஸ்ரன்ரைன் சிரித்துக்கொண்டே சுண்டினான். சுண்டியது மில்ரனுக்குத் தெரியும் முன்னமே நூல் போய்விட்டது. விரல்கள் இரண்டும் கிழிந்து இரத்தம் வந்தது. அதை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு, நுனி மெலிந்த வேறொரு தடியை எடுத்துக் கொடுத்தான். மறுபடி நடந்துபோய் நின்றான்.

இந்த முறை தடியின் நுனி முதலில் குனிந்தது. பிறகு நடு வளைந்தது. அதன் பிறகுதான் இழுப்பு விரலுக்கு வந்தது. விரலைத் திறந்து மூட நேரம் இருந்தது.

"இதுதான் வேணும்" என்றான் மில்ரன்.

"இதுவோ? கீரைத்தண்டு. கல்லுக்குள்ள ஓடுற பாரையை இதால மறிக்கேலுமோ?"

"ஓடினால் ஓடட்டும்."

"ஓடட்டுமோ? மீனை வழியனுப்பவோடா கடலுக்குப் போறம்?"

"இந்தத் தடி இல்லாட்டி நான் படகில ஏறன் அண்ணை."

அடி கண்ணில்லாத பக்கத்திலிருந்து வந்தது. மில்ரன் அதைக் காணவில்லை. சாத்தியிருந்த சைக்கிள்களின் மேல் விழுந்தான்; எல்லாம் அவனோடு சரிந்தன. ஹுஸ்னியா கடை கூட்டும் தும்புத்தடியோடு வெளியே வந்தாள்.

"யா அல்லாஹ்! என்ட கடை வாசல்லயா? அடிபடுறதெண்டா கோட்டைப் பக்கம் போங்க ரெண்டு பேரும்!"

மில்ரன் வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினான். எழுந்து, நுனி மெலிந்த தடியை அண்ணனின் கையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு கடைக்குள் போனான். கொன்ஸ்ரன்ரைன் ஒழுங்கையில் நின்றான். விழுந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான்.

அடுத்த நாள் விடிய முருகைக்கல் பாறை விளிம்புக்குப் போனார்கள். கடல் தட்டையாகக் கிடந்தது. முதல் வீச்சுகளில் ஒன்றுமில்லை. பிறகு மரமீனுக்குக் கீழே தண்ணீர் வெடித்தது. கொன்ஸ்ரன்ரைன் சுண்டினான். மில்ரனின் கை அதற்கு முன்பே முகத்துக்கு வந்துவிட்டது.

மரமீன் வரவில்லை. தடி வளைந்து சுண்டலை விழுங்கிக்கொண்டது. மரமீன் ஒரு முழம் நகர்ந்து தண்ணீரிலேயே கிடந்தது. பாரை திரும்பி வந்து அதைக் கவ்வியது.

நூல் கடலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கொன்ஸ்ரன்ரைன் காலை ஊன்றி மல்லாந்து இழுத்தான். தடி கைப்பிடிவரை வளைந்து கிடந்தது. மீனின் தலை திரும்பவில்லை. நூல் சுற்றும் றீல் அலறியது. பாரை கல்லுக்குள் இறங்கியது. நூல் கல்லில் அரைபடும் நடுக்கம் படகின் பலகைவரை வந்தது. பிறகு நூல் அறுந்து தடி நிமிர்ந்தது.

கொன்ஸ்ரன்ரைன் மெல்லத் திரும்பினான்.

"உன்ர தடி."

தடியை மாற்றிப் பிடித்தான், தடித்த அடிப்பக்கம் மேலே வரும்படி. பலகையைத் தாண்டி ஒரு கால் வைத்தான். தடி உயர்ந்தது. அதன் அடியில் இருந்த இரும்பு வளையத்தை மில்ரன் பார்த்தான். அது தன் இடது கண்ணுக்கு நேரே வருவதைப் பார்த்தான். எஞ்சினை ஒரு பக்கம் தள்ளி முழுதாக முறுக்கினான்.

படகு பாய்ந்தது. கொன்ஸ்ரன்ரைன் பக்கவாட்டில் கடலில் விழுந்தான்.

மில்ரன் வளைத்துக்கொண்டு வந்தான். அண்ணன் ஒரு கையால் நீந்தினான். மற்றக் கையில் தடி இருந்தது.

"தடியைத் தா."

"மேல வந்தனெண்டால் உன்னைக் கொல்லுவன்ரா!"

"கொல்லு. முதல்ல தடியைத் தா."

கொன்ஸ்ரன்ரைன் தூஷணத்தால் ஏசினான். மில்ரன் மறுபடி சுற்றினான், இன்னும் கிட்ட. எஞ்சின் கிளப்பிய அலை அண்ணனின் வாயை நிறைத்தது. மறுபடி சுற்றினான். எஞ்சினின் காற்றாடி சுழலும் நுரையில் அண்ணனின் கால்கள் வெளுத்துத் தெரிந்தன. ஏச்சு நின்றது. தடி நீண்டு வந்தது.

மில்ரன் எஞ்சினை நிறுத்தினான். கொன்ஸ்ரன்ரைன் அணியத்தைப் பிடித்து ஏற உன்னினான். மில்ரன் மீன் அடிக்கும் கட்டையை எடுத்து, அந்த விரல்களுக்குப் பக்கத்தில் ஓங்கி அடித்தான். விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது.

"அங்காலை இல்லை. பின்னால ஏறு."

அவன் படகைத் தடவிக்கொண்டு பின்னால் போய் ஏறினான். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து இருமினான். மில்ரன் அணியத்துக்குப் போனான். கிழிந்த விரல்களால் வேறொரு மரமீனைக் கட்டினான். வீசினான்.

தண்ணீர் வெடித்தது.

"சுண்டடா! டேய், சுண்டு!"

மில்ரன் சுண்டவில்லை. மரமீனை அசைத்துக்கொண்டே இருந்தான். மறுபடி வெடித்தது. பாரம் நூலில் வந்து உட்கார்ந்தது. அப்போது தடியைத் தூக்கினான்.

சின்னப் பாரைதான். படகுக்குள் விழுந்து துள்ளியது. மில்ரன் அதன் தலையில் கட்டையால் அடித்தான். துள்ளல் நின்ற பிறகும் அடித்தான். இரத்தம் பலகையில் தெறித்து அண்ணனின் காலில் பட்டது. கொன்ஸ்ரன்ரைன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"காணும் மில்ரன், போதும். கரைக்குப் போவம்."

"எஞ்சினைப் பிடி."

மறுபடி வீசினான். மரமீன் தூரத்தில் விழுந்து துப்பத் தொடங்கியது. தண்ணீர் இன்னும் வெடிக்கவில்லை. மில்ரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கொன்ஸ்ரன்ரைன் ஒரு கையால் எஞ்சினைப் பிடித்தபடி, மற்றக் கையால் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டிருந்தான்.

மில்ரன் கடல் பக்கம் திரும்பி, இழுத்தான்.