மூன்றாவது கியரில் நிற்காத வேன்

பந்தயக் கார் ஓட்டுவது என் மனைவி. அதை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவது நான். எத்தனை நாளைக்கு நண்பரின் ஜீப்பை இரவல் கேட்பது என்று, போன கோடையில் வடமதுரைப் பக்கம் ஒரு பழைய வேனைப் பார்க்கப் போனோம். பாரம் பூட்டிப் பார்த்தால்தான் வண்டியின் லட்சணம் தெரியும். அதனால் அந்த ஜீப்பிலேயே காரையும் ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போயிருந்தோம்.

வேன் ஒரு தோட்டத்து வீட்டின் முன்னால் நின்றது. விற்பவர் விவசாயி.

"எங்க அய்யா ஓட்டுன வண்டி சார். பஸ் போகாத ஊருக்கெல்லாம் ஆள் ஏத்திட்டுப் போவாரு. இப்ப அவருக்கு நெனப்பு இல்ல. பேச்சும் நின்னுபோச்சு."

வேப்பமரத்தடியில் கட்டிலில் இருந்த பெரியவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வண்டிக்கு அடியில் படுத்து ஷாஃப்ட்டைத் திருகிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. கியர் ஆயிலில் இரும்புத்தூள் இல்லை. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் வைத்துக் கிளட்சை விட்டதும் எஞ்சின் திணறி அணைந்தது. கிளட்சும் நன்றாகத்தான் இருந்தது. ட்ரெய்லரை வேனோடு பூட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் கை கழுவப் போனோம். அங்கேயே மோர் கொடுத்தார்கள்.

"நீங்களே ஓட்டிப் பாத்துட்டு வாங்க. நான் செத்த நேரம் மோட்டாரப் பாத்துட்டு வாரேன்" என்று விவசாயி கிணற்றடிக்குப் போய்விட்டார். நாங்கள் வேனுக்குத் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அதை அப்போது யோசிக்கவில்லை.

அய்யலூர்ப் பக்கம் ஒரு நீண்ட ஏற்றம். உச்சி வெயில். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில், பின்னால் ட்ரெய்லரில் வரும் எங்கள் காருக்குள் ஒரு தலை தெரிந்தது.

"காருக்குள்ள யாரு?"

"யாரு இருக்கா? ஸ்டீயரிங்கே எங்கிட்டல்ல இருக்கு" என்றாள். பந்தயக் காரில் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிடலாம்; அதை மடியில் வைத்திருந்தாள். பிறகு அவளும் திரும்பிப் பார்த்தாள்.

நரைத்த தலை. கட்டிலில் இருந்த அதே பெரியவர். இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கைகளும் பிடித்திருந்தன. நான் வளைவில் திருப்புவதற்கு முன்பே அவை திரும்பின. திடீரென்று அவருடைய இடது கை கீழே போய் எதையோ அழுத்திப் பிடித்தது. மறுநொடி என் கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எஞ்சின் வெறுமனே இரைந்தது. பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினேன்.

அவள் ஓடிப்போய்க் காரின் கதவைத் திறந்தாள். பெரியவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சுங்கய்யா" என்றாள் அவள்.

எவ்வளவு சொல்லியும் அவர் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் அவர் பக்கத்தில், கார் கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூட்டுக்குள் குந்தி உட்கார்ந்தாள். நான் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து திரும்பினேன். கண்ணாடியில் இரண்டு முகங்கள். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வளைவு வரும் முன்னே அவர் சாய்வார். கொஞ்ச தூரத்தில் அவளும் அவரோடு சேர்ந்து சாய ஆரம்பித்தாள்.

தோட்டத்தில் மகன் தேடிக்கொண்டிருந்தார். ஓடி வந்து தூக்கியதும் பெரியவர் குழந்தைபோல இறங்கிக் கட்டிலுக்குப் போனார்.

"ஏத்தத்துல மூணாவது நிக்காது சார். அவரு கியர் கம்பியக் கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டுவாரு. நாஞ்சொல்லியிருக்கணும்" என்றார் மகன்.

கியர் பாக்ஸைப் பிரித்தால் சரியாகிவிடும். மற்றபடி இழுக்கத் தெம்புள்ள வண்டிதான். ஆனால் அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஜீப்பில் திரும்பும்போது திண்டுக்கல் நெருங்கியதும் அவள் சொன்னாள்:

"வழியெல்லாம் ஒவ்வொரு ஊரா சொல்லி, ஆளுகள இறக்கி விட்டுக்கிட்டே வந்தாருங்க. பாத்து இறங்கு, பாத்து இறங்குன்னு. கடேசில என்னப் பாத்து, எல்லாரும் போயாச்சு, நீ மட்டும் இருன்னாரு."

அடுத்த மாதம் கீரனூரில் வேறொரு வேன் வாங்கினோம். அவள் இன்னும் பந்தயம் ஓட்டுகிறாள். காரில் அவர் உட்கார்ந்திருந்த அந்த இருக்கையை மட்டும் மாற்றச் சொன்னாள்.