அய்யா பார்க்க வந்த படப்பிடிப்பு

சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், சோறு சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு என் வீட்டுக் கதவைத்தான் காட்டுகிறார்கள். ஆன்ட்டி வந்துவிடுவாள் என்று சொன்னால் போதுமாம், வாய் தானாகத் திறந்துகொள்ளுமாம். ஒரு தாய் இதை என்னிடமே சொல்லி நன்றியும் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். லிஃப்ட் வந்ததும் அவள் பிள்ளை என்னோடு ஏற மாட்டேன் என்று அலறியதால், இருவரும் அடுத்த முறைக்குக் காத்து நின்றுவிட்டார்கள். நான் மட்டும் மேலே போனேன்.

பேய் வேஷம் போடுவது என் தொழில். சில வருடங்களாக வேற்றுக்கிரகவாசி, ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பித்த ஜந்து என்று பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனால் என் முகம் எப்படி இருக்கும் என்று படம் பார்க்கிறவர்களில் யாரைக் கேட்டாலும் தெரியாது. அடுக்ககத்துப் பிள்ளைகள்கூட என் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பெரியவர்கள் கைபேசியில் காட்டிய வேஷத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

பிறந்தது கமுதிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மிளகாயும் பருத்தியும்தான் உலகம். என் தாய்மாமன் சென்னையில் சினிமாவில் லைட்மேனாக இருந்தார். பெரிய கண் உள்ள பெண்பிள்ளை வேண்டும் என்று ஒரு படக் கம்பெனியில் தேடியபோது, தன் அக்கா மகளுக்கு முகத்தில் பாதி கண்தான் என்று சொல்லிவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். ஒரு படத்தோடு திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. படம் ஓடிவிட்டது. அதனால் நாங்கள் திரும்பவில்லை. அய்யா வெள்ளாமையை விட்டுவிட்டு வரவில்லை. மிளகாய் வற்றல் வெயிலில் கிடக்கும்போது எவன் ஊரைவிட்டுப் போவான் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லி அனுப்புவார். இப்படித்தான் எங்கள் குடும்பம் இரண்டு ஊரில் நின்றது.

அந்த முதல் படத்தில் நான் காய்ச்சல் வந்து சாகிற பிள்ளை. செத்ததும் என் போட்டோவைச் சுவரில் மாட்டி மாலை போடுவார்கள். கதாநாயகன் அதைப் பார்த்து ஒரு பாட்டு முழுக்க அழுவார். கமுதியில் படம் வந்ததும் ஊரே டிராக்டரில் ஏறிப் போய்ப் பார்த்தது. எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, மாலை போட்ட போட்டோ வந்த இடத்தில் அய்யா எழுந்து வெளியே போய்விட்டாராம். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலை போடுவதா என்று அவருக்கு ஆறவே இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த ஓர் அத்தை, அய்யாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, அங்கே அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் படமோ என்னவோ. மறுநாளே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, துணைக்கு நாலு பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேதம் கேட்க வந்துவிட்டார். எங்கள் பக்கம் சாவு கேட்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் என்ன ஏது என்று விசாரிக்காமல் ஓடிவந்து, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அய்யா கத்தியும் அத்தை நம்பவில்லை. மாலை போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாராம்.

கொஞ்ச நேரத்தில் அய்யாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கட்டிய வேட்டியோடு கமுதிக்கு ஓடி, ஒரு எஸ்டிடி கடையில் நின்று, சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் எண்ணுக்குப் போன் போட்டார். என்னைத்தான் முதலில் கூப்பிடச் சொன்னார். ஏதாவது பேசு தாயி, ஏதாவது பேசு என்றார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மறுநாள் ஷூட்டிங்குக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தை ஒப்பித்தேன். பிறகு அம்மா போனை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார். அன்றிலிருந்து அய்யா சினிமா பார்ப்பதை விட்டுவிட்டார். என் படம் மட்டுமல்ல, எவர் படமும்.

பிறகு நான் வளர்ந்தேன். குழந்தை நட்சத்திரம் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். குழந்தையாக வைக்க உயரம் அதிகம், கதாநாயகியாக வைக்கப் பழைய முகம் என்றார்கள். இருபது வயதிலேயே பழைய முகம். நடுவில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். ஊருக்கே வந்துவிடு என்று அய்யா கூப்பிட்டார். வீம்புக்கு மறுத்தேன். அந்தச் சமயத்தில்தான் ஒருவர் பேய்ப் படத்துக்குக் கூப்பிட்டார்; முகம் தெரியாது, சம்மதமா என்று கேட்டார். வீட்டு வாடகைக்கு முகம் தேவைப்படவில்லை, ஒத்துக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒரு தனிமை இருக்கிறது. அதை யாரிடம் சொன்னாலும் விளங்காது. விடிவதற்கு முன் முகத்தில் சிலிக்கோன் தோலை ஒட்ட ஆரம்பிப்பார்கள். உதட்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால் சாயங்காலம் வரை பேச்சு இல்லை, சோறு இல்லை; ஓரத்தில் விட்டிருக்கும் துளையில் ஸ்டிரா வைத்து மோர் குடிக்கலாம். கண்ணில் லென்ஸ், எல்லாமே பனிமூட்டம். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் பேசுவார்கள். பிறகு என்னைப் பற்றிப் பேசுவார்கள். அதன் பிறகு நான் அங்கே இருப்பதே மறந்துபோய்ச் சொந்தச் சண்டைகளைப் பேசுவார்கள். ஒரு நாள் ஒருவர் தன் ஈரத் துண்டை என் தோளில் காயப்போட்டுவிட்டுப் போனார். கோபம் வரவில்லை. உள்ளே ஒரு ஆள் இருக்கிறேன் என்று சொல்ல வாய் இல்லையே என்று அழுகைதான் வந்தது.

கடைசியாக நடித்த படத்துக்குத் தனுஷ்கோடியில் படப்பிடிப்பு. கடலுக்கடியில் விழுந்த ஏதோ ஒரு கிரகத்துப் பொருள் பட்டு, ஒரு பெண் கடல் ஜந்துவாக மாறிவிடுகிறாள் என்பது கதை. ஜந்து நான்தான், வேறு யார். ஆனால் மாறுவதற்கு முந்தைய பெண்ணும் நான்தான் என்று இயக்குநர் சொன்னார். ஒரே ஒரு காட்சி. கரையில் நின்று புருஷனிடம் நாலு வரி பேசவேண்டும், சொந்த முகத்தோடு. ஒட்டு இல்லை, லென்ஸ் இல்லை.

அன்றைக்கே அய்யாவுக்குப் போன் போட்டேன். ராமநாதபுரம் வந்து ராமேஸ்வரம் பஸ் ஏறினால் போதும், அங்கிருந்து கம்பெனி வேனில் கூட்டிக்கொள்வார்கள் என்றேன். இந்தத் தடவை சாவு கிடையாது, மாலை கிடையாது, என் முகம்தான் என்றேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. என் சொந்த முகத்தோடு, உயிருள்ள ஒரு பெண்ணாக நான் நடிப்பதை அவர் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது. சரி, வாரேன் என்றார்.

அவர் வருகிற அன்று காலையிலேயே வானம் மூடிக்கொண்டது. இங்கே ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண் கடல், மறுபக்கம் அலையில்லாத பெண் கடல் என்பார்கள். அன்று ஆண் கடல் ஆளுயரத்துக்கு அடித்தது. இயக்குநருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படியொரு வெளிச்சமும் அலையும் காசு கொடுத்தாலும் கிடைக்காது, ஜந்து சாகிற காட்சியை இன்றே எடுத்துவிடலாம் என்றார். என் முகக் காட்சி தள்ளிப்போனது. அய்யா வருகிறார் என்று இயக்குநரிடம் சொல்வதற்குள் உதட்டுக்குப் பசை வந்துவிட்டது. என் கைபேசி உதவியாளரின் பையில் கிடந்தது.

நான் ஈரமணலில் கிடந்தபோது, ரோட்டுப் பக்கம் வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒரு வெள்ளை மட்டும் தனியாக அசைந்தது. வேட்டி சட்டைதான். எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, என்னைக் கை காட்டினார்கள். அந்த வெள்ளை என் பக்கம் திரும்பி அப்படியே இருந்தது. முகத்தில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. எழுந்து ஓடிப்போய், நான் சொன்னது பொய் இல்லை அய்யா என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. அதற்குள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

என்னைச் சுட்டார்கள். விழுந்தேன். அலை சரியில்லை என்று மறுபடி சுட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை எல்லாம் கூடிவந்தது. நான் செத்துக் கிடந்தேன், அலை என்னைப் புரட்டியது, இயக்குநர் ஓகே என்று கத்தினார், எல்லாரும் கை தட்டினார்கள். சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போகவிட மாட்டார்கள். அந்த ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கவைத்து, அதையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். செத்தது பொய், உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு அது சாட்சி. படத்தில் அது வராது. தோஷம் கழிந்தால் போதும். ஜந்து வேஷம் போட ஆரம்பித்த பிறகு எனக்கு அதை யாரும் செய்வதில்லை. சாகிறது முகமூடிதானே என்று விட்டுவிட்டார்கள். நானும் கேட்டதில்லை.

எழுந்திருக்கத் துணைக்கு ஆள் வரும் என்று மணலில் கிடந்தேன். வந்தது அய்யா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடுக்க வந்த பையனை விலக்கிவிட்டு, நேராகக் கேமராப் பக்கம் போய் நின்றார்.

"தம்பி, எம்மகள சிரிக்கச் சொல்லி எடுக்கலையா?" என்று கேட்டார்.

இயக்குநருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சின்ன வயசுப் பையன். அய்யா பொறுமையாகச் சொன்னார். அன்று போனில் அம்மா அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாலை போட்ட போட்டோவை எடுத்த கையோடு பிள்ளையைச் சிரிக்கவைத்துத்தான் விட்டார்கள், ஒன்றும் ஆகாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருடம் நான் சினிமாவில் இருக்க இவர் விட்டிருக்கிறார். படம் பார்க்க மட்டும் தைரியம் இல்லாமல் இருந்திருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. வயதான லைட்மேன் ஒருவர் பெரியவர் சொல்வதுதான் சரி என்றார். கட்டிய சாமானைப் பிரித்தார்கள். கேமராவை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள். இயக்குநர் என் பெயரைச் சொல்லி, சிரிங்க மேடம் என்றார். அந்தப் படப்பிடிப்பில் அவர் என் பெயரைச் சொன்னது அப்போதுதான்.

உதடு ஒட்டியிருந்தது. கன்னத்தில் விரல் கனத்துக்குச் சிலிக்கோன். உள்ளே நான் என்ன செய்தாலும் வெளியே அசையாது. சிரிக்க நினைத்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் லென்ஸுக்குப் பின்னால் எரிந்துகொண்டு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஓகே என்றார்கள்.

அய்யா குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தார். மிளகாய் நெடி அடித்தது.

"சிரிச்சியா தாயி?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையை, கை என்று எதைச் சொல்வது, செதில் வைத்த அந்த ரப்பரைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இருட்டிய பிறகு தனுஷ்கோடியில் யாரையும் இருக்கவிட மாட்டார்கள்; பொழுது சாய்வதற்குள் வண்டிகளை வெளியேறச் சொல்லிப் போலீஸ் விரட்ட ஆரம்பித்தது. என் தோலை உரிக்கவோ ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அவசரப்பட்டால் என் தோலும் சேர்ந்து வந்துவிடும். சரி, நான் வாரேன் என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறினார். கேரவனில் எனக்கென்று ஒரு பை வற்றல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

என் முகக் காட்சியை அடுத்த வாரம் எடுத்தார்கள். நன்றாகத்தான் செய்தேன். பிறகு நீளம் கருதி அதை வெட்டிவிட்டதாக இயக்குநர் போனில் சொன்னார், வருத்தத்தோடுதான். நான் அய்யாவிடம், படம் சுமார்தான், போகவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அவர் கேட்கவில்லை. பஸ் ஏறி ராமநாதபுரம் போய், எல்லாரும் எழுந்து போன பிறகும் கடைசி எழுத்து ஓடி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். வெளியே வந்து அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஒம் மொகம் வரும்னு சொன்ன, வரல தாயி. நீ சிரிச்சதையும் வெட்டிட்டாய்ங்க," என்றார். "போகுது, விடு. நாந்தான் அங்கன நின்னு பாத்தேன்ல. நல்லாத்தான் சிரிச்ச."