பால் ஒத்துக்காத பிள்ளை

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பதினேழு வருடமாக நான்தான் பால் டெஸ்ட் செய்கிறேன். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்து ஊர். காலையிலும் மாலையிலும் வரிசையில் நின்று பால் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பது நோட்டில் எழுதுவதற்கு. அதற்கு முன்னாலேயே, கேனைக் கொண்டுவந்த ஆளின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இன்றைக்குத் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. வாயும் கொஞ்சம் அதிகம். "ஏன் மாமா, மாடு நேத்து ஏரியில எறங்கிடுச்சா?" என்று கேட்டால் வரிசையே சிரிக்கும். மாமா மறுநாள் ஒழுங்கான பாலோடு வருவார். என் முன்னால் பொய் நிற்காது என்று எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நான் பெற்ற பிள்ளையிடமும் காட்டினேன்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் இரண்டு கறவை மாடு நிற்கிறது. சொசைட்டியிலிருந்து ஏழரைக்குத் திரும்பியதும் பாலைச் சுண்டக் காய்ச்சி, பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய அவளுக்குக் கொடுப்பேன். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். ஊருக்கெல்லாம் பால் அளக்கிறவள் பிள்ளை ஒல்லியாக இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அவளோ எவ்வளவு ஊற்றினாலும் ஒல்லியாகத்தான் இருந்தாள். அதனால் டம்ளரை இன்னும் பெரிதாக்கினேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவளைப் பெரம்பலூரில் சேர்த்தோம். எட்டு மணி பஸ். அப்போதுதான் வயிற்றுவலிப் பேச்சு ஆரம்பித்தது. பஸ்ஸிலேயே வயிறு கடமுடா என்று இரைகிறது, முறுக்கிப் பிடிக்கிறது, முதல் பீரியடில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது என்று சொல்வாள். முதல் பீரியட் கணக்கு. கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "டெய்லி பாத்ரூம் பாத்ரூம்னு போயிடுதுங்க உங்க பொண்ணு" என்றார். கணக்குக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்ட எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொரு ஆதாரமும் கையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வயிறு வலித்ததே இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை ஆடிக்கொண்டிருப்பாள். "பள்ளிக்கூடம் இல்லைன்னா வலியும் இல்ல, பாத்தியா?" என்று அவளிடமே கேட்டேன். மற்ற லீவு நாட்களில் வலித்திருக்கும். ஆனால் அன்றைக்குப் பிடிக்க பஸ் இல்லை, கக்கூஸ் கொல்லைப்பக்கமே இருக்கிறது, அவளும் வந்து சொல்லியிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் எடுப்போம். மீனும் பாலும் ஒரே நாளில் வயிற்றில் சேர்ந்தால் உடம்பில் வெள்ளைத் திட்டு விழும் என்று எங்கள் பக்கத்தில் பயம். அதனால் அன்றைக்கு மட்டும் அவளுக்குப் பால் டம்ளர் கிடையாது. இதை இப்போது எழுதும்போது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிறது. ஆயிரம் கேன் பாலில் தப்பு கண்டுபிடித்தவளுக்கு வாரா வாரம் கண்ணெதிரில் நடந்தது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடம் இல்லாததைப் பார்த்தேன். பால் இல்லாததைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். அதிகம் பேசாத மனுஷன். ஒருநாள் மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்துவிட்டு, "வேணாம்னா வுட்டுடேன் புள்ள" என்றார். "நீங்க லாரியப் பாருங்க, நான் புள்ளையப் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத் தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். லப்பைக்குடிக்காடு போகிற வழியில் ஒரு கிராமத்தில் ஒரு அம்மாள், வயிற்றில் சிக்கிக்கொண்டிருக்கும் பழைய சோற்றை ஊதி உறிஞ்சி எடுத்துவிடுவதாகப் பேர் வாங்கியிருந்தார். மகளின் தொண்டைக்குழியில் ஊதினார், உறிஞ்சினார், தன் வாயிலிருந்து வெள்ளையாக எதையோ துப்பி இலையில் வைத்துக் காட்டினார். "ஆறு மாசமா கெடந்துருக்கு" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் வயிறு சுத்தமாகிவிட்டது என்று இரண்டு டம்ளர் பால் கொடுத்தேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து யூனிஃபார்ம் பாவாடையை அலசி ஈரத்தோடு கட்டிக்கொண்டு வந்தாள். குழாயடியில் தண்ணீர் கொட்டிவிட்டது என்றாள். நான் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டிய பொய் அது ஒன்றுதான். அதைப் போய் நம்பினேன்.

அவள் எட்டாவது படிக்கும்போது ஒரு நாட்டு நாய்க்குட்டி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. தாய் நாய் ரோட்டில் அடிபட்டுச் செத்திருந்தது. சொசைட்டியில் மிஞ்சுகிற சாம்பிள் பாலைக் கொண்டுவந்து குட்டிக்கு ஊற்றினேன். வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. நாலு நாளில் கழிந்து கழிந்து எலும்பு தெரிய மாட்டுக்கொட்டகை மூலையில் சுருண்டு கிடந்தது. சத்து பற்றவில்லை என்று இன்னும் ஒரு கொட்டாங்கச்சி பால் சேர்த்து ஊற்றினேன்.

மாட்டுக்குச் சினை ஊசி போட வந்த மாட்டு டாக்டர் அதைப் பார்த்தார். "என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு?" என்று கேட்டார்.

"பால்தான் சார். சுத்தமான பால். நானே டிகிரி பாத்தது" என்றேன்.

"பால மொதல்ல நிறுத்துங்க. பால்ல ஒரு சக்கர இருக்கு. அத செரிக்க வைக்கிற சாறு இதுக்கு வயித்துல பத்தல. சோறும் முட்டையும் போடுங்க." கையைக் கழுவிக்கொண்டே, "நாய் என்ன, மனுசங்களுக்கே நெறய பேருக்கு ஒத்துக்காது. வயிறு இரையும், கழியும். பெருசானதுக்கப்புறம் வர்றதும் உண்டு" என்றார்.

மகள் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் சொன்னதும் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். டாக்டரிடம் சிரித்துக்கொண்டே, "எங்க வூட்ல அதெல்லாம் கெடையாது சார். நாங்கல்லாம் பால்லயே வளந்தவங்க" என்றேன். அவள் குனிந்து கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள்.

நாய்க்குட்டிக்கு அன்றைக்கே பாலை நிறுத்தினேன். மூன்று நாளில் எழுந்து கோழியைத் துரத்தியது. எனக்கு அதில் பெருமை வேறு. வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம், "நாய்க்குட்டிக்குப் பால் ஊத்தாதீங்க, அதுக்கு ஒத்துக்காது" என்று டாக்டரே நான்தான் என்பதுபோலச் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் காலை டம்ளர் நிற்கவில்லை. குட்டி வாயில்லா ஜீவன், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்பிவிட்டேன். என் பிள்ளைக்கு வாய் இருந்தது. அதனாலேயே நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கெஞ்சவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துப் பாலைக் கருவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்ற ஆரம்பித்தாள். எறும்பு காட்டிக்கொடுத்தது. "மகாலட்சுமிய மண்ணுல ஊத்தறியாடி" என்று கையில் இருந்த கரண்டிக் காம்பாலேயே அடித்தேன். முழங்கையில் தடித்துவிட்டது. அவள் அழாமல், "நாய்க்கு மட்டும் ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டாள். பதிலுக்குப் பதில் பேசுகிறாள் என்று இன்னொன்று வைத்தேன். அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையைப் பிடிக்கவில்லை.

பத்தாவது பொதுத்தேர்வு வந்தது. கணக்குப் பரீட்சை அன்று காலையில் பாதாம் பவுடர் போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, பாலை ஆற்றிக் கொண்டுபோய் நின்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் வேணாம்மா" என்றாள்.

"இன்னைக்குத்தான் வேணும். வெறும் வயித்தோட போனா மயக்கம் வரும்" என்றேன்.

நான் நிற்கும் தினுசைப் பார்த்துக் குடித்துவிட்டாள். சாயங்காலம் வந்து பரீட்சை சுமாராக எழுதினேன் என்று மட்டும் சொன்னாள். ராத்திரி அவள் வகுப்பு டீச்சர்தான் போன் செய்தார். ஹாலைவிட்டு மூன்று தடவை வெளியே போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மேடம் கூடப் போய்க் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். கடைசிப் பக்கக் கணக்குகள் தெரிந்தும் எழுத நேரமில்லை. "ஏம்மா, உங்க பொண்ணுக்கு ஒடம்புக்கு என்ன? ஆஸ்பத்திரிக்குக் காட்டுனீங்களா இல்லியா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் லாரியைப் போட்டுவிட்டு வந்து எங்களைப் பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். காலையில் என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்கு வலிக்கிறது, எந்த நாளில் வலிக்கவில்லை என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது என்று அவள் சொன்னதும், "அன்னைக்கு என்ன சாப்பாடு?" என்றார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. ரெண்டு வாரம் பாலைத் தொடாமல் இருந்து பாருங்கள் என்றார். "இத்தன வருசமாவா யாரும் கவனிக்கல?" என்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "அது சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு சார்" என்றார். என்னைக் குற்றம் சொல்கிற குரலில்கூட அவர் சொல்லவில்லை.

ரெண்டு வாரம் தேவைப்படவில்லை. நாலாவது நாளே அவள் வயிறு அடங்கிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கணக்கில் பாஸாகிவிட்டாள். ஆனால் அவள் ஆசைப்பட்ட முதல் குரூப்புக்கு மார்க் போதவில்லை. காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் பைத்தியம் பிடித்தவள்போல அவளுக்கென்று தனிப் பாத்திரம், கடுங்காப்பி, தேங்காய்ப்பால் என்று ஓடிக்கொண்டிருந்தேன். "தப்பு பண்ணிட்டேன் சாமி" என்று ஒருநாள் அவள் காலைக்கூடத் தொடப்போனேன். காலை இழுத்துக்கொண்டு, "வுடும்மா, இப்பத்தான் நல்லாயிடுச்சுல்ல" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முணுமுணுக்காத பிள்ளையாக வளர்ந்தாள். தலைவலி என்று வந்து நின்றதில்லை. மாதாமாதம் வருகிற வலிக்கும் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. "எம்பொண்ணுக்குப் பொறும ஜாஸ்தி" என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அரியலூரில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் காலை, பால் வாங்கிக்கொண்டிருக்கும்போது ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாளாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்திருக்கிறோம், வாருங்கள் என்றார். லாக்டோமீட்டரைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். குடல்வால் வீங்கியிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது தேறிவிட்டாள். நான் சொல்ல வந்தது அது இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நடந்ததைத்தான்.

நான் போனபோது ஒரு லேடி டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க வலிக்குதாம்மா?" என்று கேட்டார். மகள் பதில் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தாள்.

"லேசா" என்றாள்.

"எத்தன நாளா இருக்கு?"

மறுபடியும் என் முகம். "நேத்து ராத்திரிலேர்ந்துதான் டாக்டர்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை போட்டிருந்தார்கள். நான் அதற்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். "இப்ப சொல்லு" என்று டாக்டர் கேட்பது கேட்டது.

"மூணு நாளாச்சு டாக்டர். உசுரு போவுது. தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு என் மகள் அழ ஆரம்பித்தாள். சின்ன வயதில் அழுததுபோலச் சத்தம் போட்டு அழுதாள். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எந்த நேரத்தில் அதிகமாகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் கை திரையைப் பிடித்துவிட்டது. விலக்கவில்லை. நான் உள்ளே போனால் அவள் நிறுத்திவிடுவாள்.