இல்லை என்று சொல்ல வாய் வராத தங்கமுத்து சார்

காலை பூஜை முடித்துக் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். அவராக வீடு தேடி வந்தால் நல்ல சேதியாக இராது.

"ஏனுங்கக்கா, கோயமுத்தூருல இருந்து போன் வந்துச்சுங்க. உங்க காலேஜ் பெரியவரு வெடியால நேரமே காலமாயிட்டாருங்களாமா."

துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது ஒரே நினைப்புத்தான். சொல்லாமலே போய்விட்டாரே! எங்கள் வெள்ளகோவில் பெண்களிடம், அதிலும் ஒரு பெண்ணிடம், அவர் தம் வாயால் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. சொல்வதாக ஒப்புக்கொண்டும் இருந்தார்.

இந்த நினைவு இதழுக்கு எழுதித் தருமாறு கல்லூரியில் கேட்டபோது, "நாலு நல்ல வார்த்தை போதுமுங்க" என்றார்கள். நல்ல வார்த்தைகள் அவரைப் பற்றி என்னிடம் நிறைய உண்டு. ஆனால் நான் வீட்டுக் கணக்கும் தறிக்கணக்கும் எழுதிப் பழகியவள். வரவை மட்டும் எழுதிப் பக்கத்தை முடிக்க எனக்குத் தெரியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கமுத்து அவர்கள் எங்கள் சமுதாயக் கல்லூரியின் முதல்வர். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும், வீட்டோடு இருந்துவிட்ட பெண்களுக்கும் தையல், டைப்ரைட்டிங், கணக்கு என்று சொல்லிக்கொடுக்கும் இடம் அது. கோவையில் உள்ள ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. சரவணம்பட்டியில் தலைமை இடம். அந்தியூரிலும் எங்கள் வெள்ளகோவிலிலும் ஒவ்வொரு சென்டர். எங்களுடையது பழைய பஞ்சுக் குடோன்.

நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பாக ஏற ஏற, அவர்கள் விட்ட புத்தகத்தை எடுத்து நானாகவே படித்தேன். பேரன் பிறக்கிற வயதில் அந்தக் குடோன் வாசலில் போய் நின்று, "என்னையெல்லாம் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். ஒரு முதல்வர் எனக்காக எழுந்து நின்றதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"வாங்க அம்மணி, உக்காருங்க. உங்களச் சேக்காம வேற யாரச் சேக்கறதுங்க?"

டிரஸ்டுக்கு வெளியிலிருந்து உதவி கிடைத்து, மூன்று இடங்களிலும் கட்டடம் கட்டப்போகிறோம், கம்ப்யூட்டர் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. அந்தக் காலத்தில் சார் பஸ்ஸில்தான் வருவார்கள். கட்டட வரைபடத்தைச் சுருட்டி, மழை பட்டுவிடாமல் பாலிதீன் தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருப்பார்கள். குடோன் தரையில் அதை விரித்துப்போட்டு, சுற்றிலும் எங்களை உட்காரவைத்து, விரலால் காட்டுவார்கள். இது தையல் ரூம். இது கம்ப்யூட்டர் ரூம். இதற்குள் ஏ.சி. இருக்கும், தூசி ஆகாது, செருப்பை வெளியே விட வேண்டும்.

"கோயில் மாதிரிங்களா?" என்று கேட்டாள் வளர்மதி.

"கோயிலேதானுங்க கண்ணு."

வளர்மதி எங்கள் தெருப் பெண். பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா தறி ஓட்டுகிறவர். டைப்ரைட்டிங் வகுப்பில் அவள் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க நாங்கள் எங்கள் வேலையை விட்டுவிட்டு நிற்போம். கம்ப்யூட்டரில் கணக்குப் போடக் கற்றுக்கொண்டு திருப்பூரில் ஏதாவது கம்பெனியில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கும் அதே வகுப்பில்தான் ஆசை. அவள் பக்கத்து நாற்காலி எனக்கு என்று சொல்லிவைத்திருந்தேன்.

வரைபடத்தை எல்லாரும் பார்த்து முடித்த பின் தையல் வகுப்புச் சரசக்கா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"கம்ப்யூட்டரு கெடக்கட்டுங்க சார். இதுல கக்கூஸ் எங்கீங்க?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அங்கேயே ஒரு கட்டம் போட்டார்கள். மற்றவை எல்லாம் காகிதத்திலேயே இருக்கையில், அந்தக் கட்டடம் மட்டும் முதலில் எழுந்தது. தண்ணீர்த் தொட்டியோடு, உள்தாழ்ப்பாளோடு. அதற்காக அவரை வாழ்த்தாத பெண் எங்கள் சென்டரில் கிடையாது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு குணம் இருந்தது. யாருக்கும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தத் தண்ணீர்த் தொட்டிச் சுவரைக் கொத்தனார் கோணலாக எழுப்பிவிட்டார். பார்த்த எங்களுக்கே தலை சாய்ந்தது. "எப்படீங்க இருக்குது?" என்று கொத்தனார் கேட்டதற்கு, "அருமைங்க" என்றார்கள் சார். அந்தக் கொத்தனார் வேறு வேலைக்குப் போன நாளில் இன்னொரு கொத்தனாரைக் கூட்டிவந்து இடித்துக் கட்டவைத்தார்கள். முதல் கொத்தனார் திரும்பி வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "நாங் கட்டுனது தானாவே நேராயிருச்சாட்ட இருக்குதுங்க!" என்று கேலி பேசினார். அப்போதும் சார், "ஆமாமுங்க" என்றே சொன்னார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எவ்வளவு பண்பான மனிதர் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பண்பு ஒருநாள் எங்கள் தலையில் இடியும் என்று யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டர்கள் ஒரே ஓர் அறைக்குப் போதுமான அளவுக்குத்தான் வரும் என்று பிறகு தெரிந்தது. அந்தியூர்க்காரர்களுக்கு ஓட்டை ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டுக் கொடுத்தார்கள், அவர்கள் அமைதியாகிவிட்டார்கள். மிச்சம் சரவணம்பட்டியும் நாங்களும். இரண்டு பக்கமும் சார் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பேச்சு தடித்தது. அப்போது சாரேதான் சொன்னார்கள்:

"நாம எதுக்குங்க அடிச்சுக்கோணும்? உங்கூரு ஆத்தாகிட்டயே பூவுக் கேட்டுப் போடலாமுங்க."

எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதானாலும், கல்யாணம் பேசுவதானாலும் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, கல்யாணமாகாத பெண் ஒருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. அது ஆத்தாளைச் சந்தேகப்படுவதாகும்.

படித்த மனிதர், எங்கள் சாமியை மதித்து இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூசாரிதான் பொட்டலம் கட்டுவது முறை. சார், "நானே சுத்தபத்தமாக் கட்டிட்டு வந்துட்டேனுங்க" என்றார்கள். பெரியவர்கள் கட்டினால் என்ன என்று பூசாரியும் வாங்கி வைத்துவிட்டார். வளர்மதி எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

மற்றப் பொட்டலத்தைச் சார் கண்ணில் ஒற்றிக்கொண்டு தம் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பக்தி என்று நினைத்தேன்.

சரசக்கா அழுதாள். சிலர் சண்டைக்கே கிளம்பினார்கள். அவர்களை உட்காரவைத்தவள் நான். "ஆத்தா சொல்லிப் போட்டா. இனி வாயத் தொறக்கப்படாது" என்றேன். செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுது விரதம் இருப்பவள் சொன்னால் மறுபேச்சு ஏது? அடங்கிவிட்டார்கள். சரவணம்பட்டியில் இரண்டு மாடிக் கட்டடம் எழும்பியது. ஏ.சி. வந்தது, ஜெனரேட்டர் வந்தது. எங்கள் சென்டரில் கணக்கு வகுப்பும் டைப்ரைட்டிங்கும் நின்றன. தையல் கொஞ்ச நாள் ஓடிப் பிறகு பூட்டுப் போட்டார்கள்.

வளர்மதி சரவணம்பட்டிக்கே பஸ்ஸில் போய்ப் படிக்கிறேன் என்றாள். அவள் அப்பா சொன்னது தெருவுக்கே கேட்டது. "உங் கையில எடுத்த பூவுதான? ஆத்தாளே வேண்டாம்னு சொல்லிப் போட்டா. நான் பஸ்ஸேத்தி உடறதா?" அவள் தறிக்குடோனுக்கு நூல் சுற்றப் போனாள். அத்தோடும் முடியவில்லை. வீட்டு விசேஷங்களில், "அவ கை வேண்டாம், நீ எடு" என்று அவள் அத்தையே சொல்ல ஆரம்பித்தாள். அவளும் அதை நம்பிவிட்டாள். எதையும் முதலில் தொட மாட்டாள்.

சார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போன மாதம் கோவைக்குப் போனேன். அவர் வீட்டம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார்கள். சாருக்கு உடம்பு பாதியாகிப் போயிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

"அம்மணி, ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னைக்குக் கோயில்ல ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தானுங்க வெச்சிருந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வெள்ளையே இல்லீங்களா?"

"இல்லீங்க. மெஷினெல்லாம் சரவணம்பட்டிக்குத்தான்னு டிரஸ்டுல முன்னாடியே முடிவு பண்ணிப் போட்டாங்க. உங்கூருல கரண்டு நிக்காதுன்னு சொன்னாங்க. அத உங்க மொகத்தப் பாத்து எப்படீங்க சொல்றது? ஆத்தா சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுன்னு நெனச்சேனுங்க."

"உங்களுக்குத்தானுங்க சார் சங்கடம் இல்லாமப் போச்சு."

வளர்மதியின் கை ராசியில்லாத கையாகிப் போனதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. துடைத்துவிட எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிப் போடுங்க அம்மணி" என்றார்கள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அன்னைக்கு ஆத்தா சொன்னதா நாஞ் சொன்னேன். இன்னைக்கு உங்களுக்காகவும் நானே சொல்லோணுங்களா? அவளக் கூட்டிட்டு வாரேன். நீங்க உங்க வாயால சொல்லுங்க."

"ஆகட்டுங்க" என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைத்துப் போனேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. சாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொன்னேன். வீட்டம்மா கதவருகிலேயே வந்து, "இன்னைக்கு யாரையும் பாக்க வேண்டாம்னு சொல்றாருங்க. கொஞ்சம் தெம்பு வரட்டுமாமா" என்றார்கள். ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். "பாவமுங்கக்கா சார். தெம்பு வந்ததும் வரலாமுங்க" என்றாள் வளர்மதி. நான் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தெம்பு வரவில்லை. சேதி வந்த அன்று அவளும் என்னோடு சரவணம்பட்டியில் சார் வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் நின்று, கடைசி ஆளாகப் போய் அவர் காலைத் தொட்டு வணங்கி விம்மி விம்மி அழுதாள். தன்னை ஏமாற்றியவர் என்று அறியாமல் அவள் அழுததைப் பார்த்தபோது எனக்கு அவர் மீது வந்த ஆத்திரத்தை, சாவு வீட்டில் நிற்கிறோம் என்ற நினைப்பாலும் அடக்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன். இனி அவர் சொல்லப்போவதில்லை.

திரும்பும்போது காங்கயம் தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் எத எடுத்திருந்தாலும் செவப்புத்தானுங்களா?"

"ஆமா கண்ணு."

"ஆத்தா ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"ஒண்ணும் சொல்லலை."

"நீங்கதானக்கா சொன்னீங்க, ஆத்தா சொல்லிப் போட்டான்னு."

"என்னைய நம்ப வெச்சுட்டாரு கண்ணு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருசம் நூலு அந்துபோனாக்கூட எங் கையாலதான்னு நெனச்சேனுங்க" என்றாள். பிறகு குரல் மாறியது. "நல்ல மனுசரு, நல்ல மனுசருன்னு அழுதுட்டு வாரேன் பாருங்க. சொல்லியிருந்தா ஒரு நாளு அழுதுட்டு பஸ்ஸேறிப் போயிருப்பேன்!"

இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றேன். அவள் யோசிக்கவே இல்லை.

"இதையே எழுதுங்க. எம் பேரப் போட்டு எழுதுங்க. எங்கப்பனுக்கும் அத்தைக்கும் நானே படிச்சுக் காட்டோணும்."

சாரின் வீட்டம்மாவுக்கு இது வருத்தம் தரும் என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் நேரில் போய் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இதைக் கொடுக்கிறேன். காபி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆகவே எழுதுகிறேன். அவள் பெயர் வளர்மதி. வெள்ளகோவில் சென்டரில் படித்தவள். அன்று அவள் எடுத்த பொட்டலத்திலும் சிவப்பு, எடுக்காத பொட்டலத்திலும் சிவப்பு. ஆத்தா அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களில் யாரையும் சொல்லவில்லை.

சார், போய் வாருங்கள். எனக்காக எழுந்து நின்றீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் உங்களுக்கும் சேர்த்தே விளக்கு வைப்பேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.