ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம்

தென் கொரியாவின் புசான் துறைமுகத்துப் பக்கம் டாக்ஸி ஓட்டுகிறவர்களிடம் மா தல்சு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ஆறு நிமிஷ அண்ணன்’ என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். சோரியாங் மேட்டில் டிரைவர்கள் சாப்பிடும் கடைக்குள் நுழைந்து, இரண்டு கிண்ணம் சோற்றையும் ஒரு சட்டி சோயாக் குழம்பையும் முடித்துவிட்டு அவர் வெளியே வர ஆறு நிமிடம் ஆகும். யாரோ பந்தயம் கட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து வைத்த பெயர் அது.

சோற்றை அப்படியே குழம்பில் கவிழ்ப்பார். கரண்டியால் நாலு கிண்டு. அப்புறம் மெல்லுவது என்ற வேலையே கிடையாது. ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவராகப் பிறந்தவர். நிதானமாகச் சாப்பிட்டால் மீன் தட்டில் முள்தான் மிஞ்சும். பிறகு பட்டாளம், அதன் பிறகு முப்பத்தோரு வருடம் டாக்ஸி. வேகத்தைக் குறைக்க வாழ்க்கையில் ஒரு இடமும் வரவில்லை.

“தல்சு, சோறு எங்கயும் ஓடிடாதுப்பா,” என்பாள் கடைக்காரி போங் சித்தி. திட்டிக்கொண்டே அடுத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பசிக்கும். வண்டியிலேயே இனிப்புப் பயறு வைத்த பன் இரண்டு. வீட்டுக்குப் போனால் மறுபடி இரண்டு கிண்ணம்.

அறுபதாவது வயதில் செய்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது, ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. டாக்டரம்மா கேட்டாள்.

“ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கறீங்க?”

“ஆறு நிமிஷம்,” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

“வயிறு நெறஞ்சிருச்சுன்னு மூளைக்குத் தெரிய கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஆகுங்க. அதுக்குள்ள நீங்க ரெண்டு ஆள் சாப்பாட்டை உள்ள தள்ளிடுறீங்க. மெதுவா சாப்பிடுங்க, அளவு தானாக் குறையும்.”

அவர் முயன்றுதான் பார்த்தார். வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும் என்று மகள் மிரான் சொல்லிக் கொடுத்தாள். ஏழு எண்ணுவதற்குள் சோறு தொண்டையைத் தாண்டிவிடும். இரண்டு நாளில் விட்டுவிட்டார்.

மறு பிப்ரவரியில் அவருடைய மனைவி ஒக்சுன், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். பக்கவாதம். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட கை. இரண்டு மாத ஆஸ்பத்திரிக்குப் பிறகு வீட்டுக்கு வந்தபோது வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், விழுங்க முடியவில்லை.

விழுங்கப் பயிற்சி கொடுத்த பெண் தல்சுவை எதிரில் உட்காரவைத்துச் சொன்னாள்: “தலை நேரா, தாடை கொஞ்சம் கீழ. சின்னக் கரண்டில ஒரு வாய். முழுங்கினதும் ‘ஆ’ சொல்லச் சொல்லுங்க. குரல் தெளிவா வந்தா அடுத்த வாய். கொழகொழன்னு கேட்டா நிறுத்திடுங்க. அவசரப்பட்டீங்கன்னா சாப்பாடு நுரையீரலுக்குப் போயிடும் சார்.”

வாழ்நாளில் அவருக்குத் தெரியாத ஒரே வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

வண்டியை அரைநாள் ஓட்டமாக மாற்றிக்கொண்டார். முதல் வாரம் அடுப்படியில் நின்றபடியே தன் பங்கை விழுங்கிவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் முன்னால் வந்து உட்காருவார். நாலு வாய் வாங்குவாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

“மிரான் அம்மா, இன்னும் ஒரு வாய்.”

தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் வார்த்தை வந்தது. “நீங்க... பாத்துக்கிட்டே... இருக்கீங்க. வெக்கமா... இருக்கு.”

முப்பத்தி நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு அவர் எதிரில் சாப்பிட வெட்கம். தல்சு எழுந்து போய்த் தனக்கும் ஒரு கிண்ணம் சோறு போட்டுக்கொண்டு வந்தார். வயிற்றில் ஏற்கனவே இரண்டு கிண்ணம் இருந்தது. ஆனாலும் அவளுக்கு ஒரு வாய் கொடுத்து, அவள் விழுங்கி ‘ஆ’ சொல்லும்வரை தானும் ஒரு வாயை மென்றுகொண்டிருந்தார். அவள் கிண்ணம் அன்று காலியானது.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. குழம்பு ஆறிப்போகும், சோறு காய்ந்துபோகும். ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம். இடையில் பேச வேண்டியிருந்ததால் அன்றைக்கு வண்டியில் ஏறினவர்களைப் பற்றியெல்லாம் சொன்னார். இவ்வளவு வருடத்தில் சாப்பிடும்போது அவர் வாய் திறந்து பேசி அவள் கேட்டதேயில்லை.

ஒரு நாள் அவள் கஞ்சி முடிந்தபோது தன் கிண்ணத்தைப் பார்த்தார். கால்வாசிச் சோறு அப்படியே இருந்தது. சாப்பிடத் தோன்றவில்லை. உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோனார். போங் சித்திக்கும் அதே பயம். கடையில் அவர் இரண்டாவது கிண்ணத்தை வேண்டாம் என்று கையால் மறைத்ததும் கரண்டியோடு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“டேய், உண்மையச் சொல்லு. புத்துநோயா?”

“வாயக் கழுவுங்க சித்தி. போதும்னு தோணுது, அவ்வளவுதான்.”

“நீயா? போதும்னா? நாளைக்கே டாக்டர்கிட்ட போ.”

போனார். டாக்டரம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஏழு கிலோ இறங்கியிருந்தது, சர்க்கரையும் கணிசமாகக் குறைந்திருந்தது.

“என்ன செஞ்சீங்க? உடற்பயிற்சியா?”

“என் சம்சாரத்தோட உட்கார்ந்து சாப்பிடுறேங்க.”

நாலு மணிக்குப் பன் வாங்கி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் யோசித்தார். நினைவில்லை.

வீட்டுக்கு வந்து பரிசோதனைத் தாளை அவள் மடியில் வைத்தார். அந்த வாரம் முழுக்க அவள் மனம் சரியில்லாமல் இருந்தாள். உங்களுக்குப் பாரமாகிவிட்டேன், என்னை எங்காவது சேர்த்துவிடுங்கள் என்று மகளிடம் அழுதிருந்தாள்.

“டாக்டர் ஒரு வருஷமா சொல்லியும் நடக்கல. மிரான் சொல்லியும் நடக்கல. நீ ஒண்ணுமே சொல்லாம நடத்திட்ட. இந்த ஒடம்பு இப்ப நல்லா இருக்குன்னா அது உன்னாலதான், மிரான் அம்மா. நன்றி.”

நன்றி என்ற சொல்லை அவளிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒக்சுன் தாளை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு வாய் கோணியபடி சிரித்தாள்.

“அப்ப... பாத்திரமும்... நீங்களே... கழுவுங்க.”

கழுவினார். உள்ளே அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இலையுதிர்காலத்தில் கெட்டி உணவு கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. மிரான் கானாங்கெளுத்தி வாங்கிவந்து சுட்டாள். தல்சு முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சதையை உதிர்த்து, ஒக்சுனின் சோற்றின் மேல் வைத்தார். இப்போது கரண்டியை அவளே இடது கையில் பிடித்துக்கொள்கிறாள். மூன்று பேரும் சாப்பிட்டு முடிக்கும்போது சன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் பாரந்தூக்கிகளில் விளக்கு ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.