ஊசியக்கா வாய்க்குப் பூட்டு

பள்ளிச் சீருடை தைப்பவளை அந்தக் கடைத்தெருவே ஊசியக்கா என்றுதான் கூப்பிடும். தொழிலால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயால் வந்த பெயர் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும். மனசில் கள்ளம் கிடையாது. வாயில்தான் கதவு கிடையாது.

ஒருநாள், தெருவைக் கூட்டிப் பெருக்கும் பெண் தன் மகளின் சீருடைப் பாவாடையைக் கொண்டுவந்தாள். இடுப்பில் நிற்காமல் நழுவுகிறதாம், பிடித்துத் தைக்க வேண்டுமாம். பள்ளி திறந்தபோது ஊசியக்காவே அளவெடுத்துத் தைத்தது அது.

“இந்த வயசுல பிள்ளைங்களுக்குத் துணி பத்தாமப் போகும். உன் பொண்ணுக்கு என்னடான்னா தொளதொளன்னு கிடக்கு. வீட்டுல சோறு போடுறியா இல்லையா?”

கடையில் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பெண் பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். ஊசியக்காவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. அன்று முழுக்க அவள் தைத்ததெல்லாம் கோணல்.

அந்தப் பிள்ளை பட்டினியாகப் பள்ளிக்கூடம் போகிறது. அதைப்போல இன்னும் எத்தனையோ? ஊசியக்கா ஒரு முடிவுக்கு வந்தால் அப்புறம் அவளே நினைத்தாலும் மாற்ற முடியாது. தலைமையாசிரியையைப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காலையில் சாப்பாடு போட, உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் கேட்டு வாங்கினாள். பேக்கரிக்காரர் ரொட்டிக்கும், முட்டைக்கடைக்காரர் முட்டைக்கும், மருந்துக்கடைக்காரரின் மனைவி பாலுக்கும் ஒத்துக்கொண்டார்கள். மாட்டேன் என்றால் தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே என்ற பயமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

எல்லாம் வந்தது, பிள்ளைகள்தான் வரவில்லை. வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்கு வந்த குண்டுப் பையன்களைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊசியக்கா வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று கத்தக் கத்த, பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை தலை குனிந்து விறுவிறுவென்று தாண்டிப் போனது.

“பசி இல்லாமயா போகுதுங்க?” என்றான், கடையின் மறுபாதியில் இஸ்திரி போடும் அவள் புருஷன். “உன் வாய்க்குப் பயந்து போகுதுங்க. காலையில எவன் சாப்பிட்டான்னு சாயங்காலம் இங்க நீ சொல்லிட மாட்டே?”

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மறுத்துப் பேச வாயெடுத்தாள். எடுத்த வாயால் நூலைக் கடித்து அறுத்தாள்.

மறுநாள் முதல் வாசலில் நிற்பதை விட்டாள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி வெட்டினாள். வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம், பேர் ஊர் விசாரணை கிடையாது. கடையிலும் கப்சிப். பல்வலி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேச வருவதையெல்லாம் அவள் மென்று விழுங்கினாள். ஆனால் பலன் இருந்தது. மெல்ல மெல்லப் பெஞ்சுகள் நிறைந்தன. அந்தப் பிள்ளை மட்டும் வரவில்லை.

தர்மம் செய்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்குச் செரிக்கும். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“பால் குடுக்கறது நான். யார் வீட்டுப் பிள்ளைங்க வருதுங்கன்னு சொல்லுங்கக்கா.”

வெளியே கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றின் சத்தம் நின்றது.

பேர்கள் வரிசையாக ஊசியக்காவின் நாக்கு நுனிக்கு வந்தன. முதுகைக் காட்டி நின்றால் என்ன, குரலை வைத்தே அவளுக்கு எல்லாரையும் தெரியும்.

“நான்தான் குடிக்கறேன்,” என்றாள்.

“என்னது?”

“பால், ரொட்டி, முட்டை எல்லாமே நான்தான் திங்கறேன். உடம்பைப் பார்த்தா தெரியல?”

“விளையாடாதீங்க. சொல்லலைன்னா நாளையிலேருந்து பால் வராது.”

“வரலைன்னா போகட்டும், தண்ணி வச்சுக்கறேன். பேரு மட்டும் என் வாயிலேருந்து வராது.”

அவள் புருஷன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து யாருடைய சட்டைக் கையையோ கருக்கிவிட்டான். மருந்துக்கடைக்காரரின் மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். சற்று நேரம் கழித்துத்தான் வெளியே விளக்குமாறு மறுபடி ஓடியது.

காலையில் பால் வந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. ஊசியக்கா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை. திரும்பிப் பார்க்கச் சொல்லி அவள் கழுத்து துடித்தது.

“அம்மா ரெண்டு ரொட்டி சாப்பிடச் சொன்னாங்க.”

அந்தப் பாவாடைக்கு அளவெடுக்கும்போது கேட்ட குரல். ஊசியக்கா திரும்பவில்லை. தட்டை மட்டும் பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த ரொட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.